காஸ் எஞ்சினியர் வேலைக்கு மாறலாமா என்று கேட்கிற தம்பிமாருக்கு

போன கிழமை லண்டன் ஈஸ்ட்ஹாமில் தலைமயிர் வெட்டப் போன இடத்தில், பக்கத்துக் கதிரையில் இருந்த தம்பி ஒருவர் என் வேலைச் சட்டையில் இருந்த, காஸ் பதிவின் அடையாளமான மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணை, நீங்கள் காஸ் வேலையோ? அந்தக் கோர்ஸ் படிச்சால் பிரயோசனமோ?” என்று கேட்டார். வயது முப்பத்திரண்டு, வெயார்ஹவுஸில் இரவு வேலை, இரண்டு பிள்ளைகள். இந்த வருடத்தில் இதே கேள்வியைக் கேட்ட ஆறாவது ஆள் அவர். மற்ற ஐந்து பேருக்கும் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னேன், ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று விடுபட்டுப் போயிருக்கும். அதனால் இந்த வேலையில், அதாவது வீடுகளின் காஸ் குழாய், அடுப்பு, சூடாக்கி எல்லாம் பூட்டித் திருத்துகிற வேலையில், நான் பட்டது முழுவதையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன், காசுக் கணக்கோடு சேர்த்து.

நான் லண்டனுக்கு வந்தது 2003. வந்த மூன்றாம் மாதம் பெற்றோல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், பதினைந்து வருடம் அதே வேலை, அதில் பெரும்பகுதி இரவு. 2018 பெப்ரவரி கடைசியில் கிழக்கிலிருந்து வந்த அந்தப் பனிக்குளிர் இங்கே இருந்தவர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். விடிய வேலை முடித்து வீட்டுக்கு வந்தால் வீடு ஐஸ் பெட்டி மாதிரி, காஸில் வீட்டைச் சூடாக்குகிற பொயிலர் நின்றுவிட்டது, மனைவி மகளைக் கம்பளிக்குள் சுற்றி வைத்துக்கொண்டு இருக்கிறார். ஒருவர் வந்தார். பொயிலரைத் திறக்கவே இல்லை. வெளியே போய்ச் சுவரோடு போகிற ஒரு வெள்ளை பிளாஸ்ரிக் குழாயைத் தொட்டுப் பார்த்தார், கேத்தலில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வாங்கி அதன் மேல் மெதுவாக ஊற்றினார், உள்ளே வந்து ஒரு பொத்தானை அமத்தினார், பொயிலர் பற்றிக்கொண்டது. இப்போதைய கண்டென்சிங் பொயிலர்கள் புகையில் இருக்கிற நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்ளும், அப்படி வருகிற தண்ணீர் வடிகிற குழாய் வெளியில் உறைந்தால் தண்ணீர் உள்ளே ஏறிப் பொயிலர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இது எனக்கு விளங்கியது பிறகுதான். அன்றைக்கு அவர் தொண்ணூறு பவுண்ஸ் வாங்கிக்கொண்டு போனார். அந்தக் காசு எனக்குப் பெரிதாகப் படவில்லை, அவருக்குத் தெரிந்திருந்த விஷயம்தான் பெரிதாகப் பட்டது. நான் பதினைந்து வருடம் வேலை செய்தும் கையில் அப்படி ஒன்று இல்லையே என்று அன்று பகல் முழுக்க நித்திரை வரவில்லை.

அப்புறம் தேடத் தொடங்கினேன். இங்கே காஸில் கை வைப்பதென்றால் ‘காஸ் சேஃப்’ பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், இல்லாமல் செய்தால் குற்றம். 2009 ஏப்ரலுக்கு முன்னர் அது ‘கோர்கி’ என்ற பெயரில் இருந்தது, வயதானவர்கள் இன்னும் “நீ கோர்கியா?” என்றுதான் கேட்பார்கள். அந்தப் பதிவுக்கு ‘ஏ.சி.எஸ்.’ சோதனைகள் பாஸ் பண்ண வேண்டும். அதில் ‘சி.சி.என். 1’ என்பதுதான் அத்திவாரம், வீட்டுக் காஸ் பாதுகாப்பு முழுவதும் அதில் அடங்கும். பொயிலருக்கு, அடுப்புக்கு, நெருப்பு ஹீற்றருக்கு, மீற்றருக்குத் தனித்தனிச் சோதனை. எதைப் பாஸ் பண்ணினாயோ அதை மட்டும்தான் தொடலாம். பதிவு பெற்றவருக்குத் தருகிற அட்டையின் பின்பக்கத்தில் அது அச்சிட்டிருக்கும். வீட்டுக்கு ஆளைக் கூப்பிடுகிறவர்கள் முன்பக்கப் படத்தைப் பார்த்துவிட்டு விடாமல் அட்டையைத் திருப்பியும் பார்க்க வேண்டும், இதை நான் போகிற வீட்டில் எல்லாம் சொல்வேன்.

பழைய வழி அப்ரென்ரிஸ். பதினாறு, பதினெட்டு வயதில் ஒரு கொம்பனியில் சேர்ந்து மூன்று நான்கு வருடம் கூடவே இருந்து படிப்பது. வயது எல்லை சட்டத்தில் இல்லை, ஆனால் முப்பத்தெட்டு வயதுக்காரனை அப்ரென்ரிஸாக எடுக்கிற முதலாளியை நான் சந்திக்கவில்லை. அந்தச் சம்பளத்தில் ஈஸ்ட்ஹாமில் வீட்டு வாடகையும் கட்ட முடியாது. மிச்சம் இருந்தது புதியவர்களுக்கான பயிற்சி வழி: சில கிழமை வகுப்பு, பட்டறையில் செய்முறை, பிறகு பதிவு பெற்ற எஞ்சினியர் ஒருவரோடு வீடு வீடாகப் போய் வேலை செய்து அதைப் படத்தோடும் கையெழுத்தோடும் ஒரு போர்ட்ஃபோலியோவில் சேர்ப்பது, கடைசியில் சோதனை.

நான் போன பயிற்சி நிலையத்தில் கோர்ஸ் விற்கிறவர் தொலைபேசியில் தேன் மாதிரிக் கதைத்தார். ஆறு மாதத்தில் முடித்துவிடலாம், கூட வேலை செய்ய எஞ்சினியரை நாங்களே ஒழுங்கு செய்து தருவோம், முதல் வருடமே இவ்வளவு உழைக்கலாம் என்று ஒரு தொகையும் சொன்னார். 6,400 பவுண்ஸ். பாதியைச் சீட்டுக் காசில் கட்டினேன், மிச்சம் மாதத் தவணை. 2019 ஜனவரியில் தொடங்கினேன்.

வகுப்பு நல்ல வகுப்பு, அதில் குறை சொல்ல மாட்டேன். படிப்பித்தவர் இருபத்தைந்து வருடம் வேலை செய்தவர். ஒரு பங்கு காஸ் முழுதாய் எரிய ஏறக்குறையப் பத்துப் பங்கு காற்று வேண்டும், அந்தக் காற்று குறைந்தால்தான் காபன் மொனொக்சைட் வரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. காஸுக்கும் உண்மையில் மணம் இல்லை, நாங்கள் மணக்கிறது கசிவு தெரிய வேண்டும் என்று சேர்க்கிற மருந்து. குழாயில் வருகிற இயற்கை வாயு காற்றைவிட லேசு, மேலே போகும். ஊரில் சிலிண்டரில் வருகிறது காற்றைவிடப் பாரம், நிலத்தோடு தங்கும். 2021 கடைசியில் இலங்கையில் அடுப்புகள் வரிசையாக வெடித்துக்கொண்டிருந்த நேரம் அம்மா பயந்துபோய் எடுத்தார். சிலிண்டரைக் குசினிக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டு, மணந்தால் யன்னல் மட்டும் காணாது, நிலத்தோடு காற்று வெளியேறுகிற மாதிரிக் கதவைத் திறவுங்கோ, லைற் சுவிச்சைத் தொடாதேயுங்கோ என்று சொல்லிக்கொடுத்தேன். கட்டின காசில் ஒரு பங்கு அந்தத் தொலைபேசி அழைப்போடு எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

கரைச்சல் தொடங்கியது வகுப்பு முடிந்த பிறகு. ஒழுங்கு செய்து தருவோம் என்ற எஞ்சினியர் வரவில்லை. நான் எடுக்க, அடுத்த கிழமை என்பார்கள், அடுத்த கிழமை எடுக்க வேறொருவர் கதைப்பார். ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தால் “முயற்சி செய்வோம்” என்றுதான் எழுதியிருக்கிறது, கையெழுத்து என்னுடையது. நான்கு மாதம் அப்படியே போனது. என்னோடு படித்த பதினொரு பேரில் ஐந்து பேர் இந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். காசும் போய், நேரமும் போய், கையில் ஒன்றும் இல்லாமல். இதை அழுத்திச் சொல்வதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்: படிப்பு கஷ்டம் இல்லை, சோதனை கஷ்டம் இல்லை, உங்களைத் தன் வானில் ஏற்றிக்கொண்டு போக ஒரு எஞ்சினியர் கிடைப்பதுதான் கஷ்டம். ஏன் ஏற்ற வேண்டும்? நீங்கள் விடுகிற பிழை அவருடைய பதிவில் விழும், அவருடைய வேலை இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், நாளைக்கு நீங்கள் அவருக்கே போட்டி. அதனால் அந்த ஆளைக் கண்டுபிடித்து, அவர் வாயால் “சரி, வா” என்று சொன்ன பிறகு கோர்ஸுக்குக் காசைக் கட்டுங்கள். நான் மாற்றிச் செய்தேன்.

நான் என்ன செய்தேன் என்றால், பிளம்பிங் சாமான் விற்கிற கடைகள் காலை ஏழு மணிக்குத் திறக்கும், இரவு வேலை முடிந்ததும் நேரே அங்கே போய் நிற்பேன். வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்பேன், சம்பளம் வேண்டாம், சாமான் தூக்குகிறேன் என்று. முப்பது பேருக்கு மேல் கேட்டிருப்பேன். தமிழர்களிடமும் கேட்டேன், இரண்டு பேர் இப்போது நேரமில்லை என்றார்கள், ஒருவர் ஒரு நாளைக்கு 100 பவுண்ஸ் தந்தால் கூட்டிப் போகிறேன் என்றார். கடைசியில் இல்ஃபோர்டில் இருந்து வருகிற ஒரு சீக்கியர், அறுபது வயதுக்கு மேல், முழங்கால் நோவு. அவருக்குப் பொயிலரைத் தூக்க ஆள் தேவைப்பட்டது. நான் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன், இன்றைக்கும்.

அங்கிளோடு போன முதல் நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீடு, மாடிப்படிக்குக் கீழே அலுமாரி, அதற்குள் மீற்றர். இடம் ஒரு ஆள் குந்தி இருக்கிற அளவு. டைட்னெஸ் டெஸ்ட் செய்யச் சொன்னார், அதாவது குழாயில் எங்கேயாவது கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது. தண்ணீர் நிரப்பின, ‘யூ’ வடிவத்தில் வளைந்த, அழுத்தம் அளக்கிற கேஜை மீற்றரின் டெஸ்ட் பொயின்றில் மாட்ட வேண்டும். முதலில் வால்வ் பூட்டியும் காஸை விடுகிறதா என்று பார்க்க 7 முதல் 10 மில்லிபாருக்கு ஏற்றி ஒரு நிமிடம். பிறகு 20 மில்லிபார், நிலைப்பதற்கு ஒரு நிமிடம், அதன் பின் சோதனைக்கு இரண்டு நிமிடம். வகுப்பில் நாற்பது தடவை செய்தது. நான் சரசரவென்று செய்துவிட்டு “நோ டிராப்” என்றேன். அவர் டோர்ச்சை அடித்துக்கொண்டு, உன் கண் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் மேலேயிருந்து குனிந்து பார்த்திருக்கிறேன். கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு நேரே கொண்டுவர வேண்டும் என்றால் கன்னம் தரையில் பட வேண்டும். தூசி, பழைய சப்பாத்து மணம், கன்னம் சீமெந்தில். அந்த மட்டத்தில் இருந்து பார்க்கத்தான் தண்ணீர் ஒரு மயிரளவு இறங்குவது தெரிந்தது. வெறும் குழாயில் இறக்கமே இருக்கக்கூடாது. அடுப்பும் பொயிலரும் மாட்டியிருக்கிற பழைய இணைப்பென்றால், சாதாரண வீட்டு மீற்றருக்கு 4 மில்லிபார் வரை இறங்கலாம், அதுவும் காஸ் மணம் துளியும் இல்லையென்றால் மட்டும். அன்று ஒரு மில்லிபாருக்கும் குறைவு, அனுமதிக்குள்தான் இருந்தது. ஆனாலும் அங்கிள் சவர்க்கார நுரையை எடுத்து ஒவ்வொரு மூட்டாகத் தடவிக்கொண்டு போய், அடுப்புக்குப் பின்னால் ஒரு மூட்டில் குமிழி வருவதைக் காட்டினார். இறுக்கினார், திரும்ப டெஸ்ட், இறங்கவில்லை. அந்த வேலைக்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. நான் இந்தத் தொழிலைப் படித்தது அன்றைக்கு, அந்த அலுமாரிக்குள்.

ஐந்து மாதம் அவரோடு திரிந்தேன், இரவில் பெற்றோல் நிலையம், பகலில் அங்கிள், நித்திரை நான்கு மணித்தியாலம். மனைவி தனியாகத்தான் வீட்டைப் பார்த்தார். கல்யாணம் கட்டினவர்கள் இந்த முடிவை வீட்டில் இருவருமாக இருந்து கதைத்து எடுக்க வேண்டும். 2019 நவம்பரில் சோதனை. பெரும்பாலான தாள்கள் புத்தகத்தைப் பார்த்து எழுதலாம், எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும். எங்கள் ஆட்கள் இங்கிலிஷை நினைத்துப் பயப்படுகிறார்கள். அந்த இங்கிலிஷ் கதைப் புத்தக இங்கிலிஷ் இல்லை, திரும்பத் திரும்ப ஒரே முந்நூறு சொற்கள்தான். நான் ஒரு கொப்பியில் ஒரு பக்கம் இங்கிலிஷ், மறு பக்கம் தமிழ் விளக்கம் என்று எழுதி வைத்துப் படித்தேன். செய்முறையில்தான் கவனம் தேவை, வேண்டுமென்றே பிழையாகப் பூட்டி வைத்த ஒரு அமைப்பைத் தந்து எல்லாப் பிழையையும் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். நான் புகைக்குழாயின் ஒரு தாங்கியைத் தவறவிட்டு அந்தப் பகுதியைத் திரும்பச் செய்தேன்.

இனிக் காசு. கோர்ஸ் 6,400. கைக்கருவிகள் ஏறக்குறைய 1,800, அதில் பாதியை ஏற்கெனவே பாவித்ததாக வாங்கினேன். புகையை அளக்கிற அனலைசர் 480, அதை ஒவ்வொரு வருடமும் அனுப்பிச் சரிபார்க்க வேண்டும், அதற்கு வேறு காசு. பழைய வான் 5,500, அதன் காப்புறுதி என் வயதுக்கும் பகுதிக்கும் கண்ணைக் கட்டியது. பதிவுக் கட்டணம் வருடா வருடம். பொதுமக்கள் பாதிப்புக்கான காப்புறுதி. எல்லாம் சேர்த்து முதல் வேலைக்குப் போகும் முன் பதினாறாயிரம் பவுண்ஸ் அளவில் இறங்கிவிட்டது. விளம்பரத்தில் சொல்கிற தொகை இதில் பாதியும் வராது. அதோடு இந்தச் சோதனையை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை திரும்ப எழுத வேண்டும். நான் 2024 நவம்பரில் இரண்டாம் தடவை எழுதினேன், கட்டணமும் வேலைக்குப் போகாத நாட்களும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல்.

வரவு? நான் பதிவு பெற்று மூன்று மாதத்தில் கொரோனா வந்துவிட்டது. வீட்டுக்குள் யாரையும் விடமாட்டார்கள் என்று நினைத்தேன், ஆனால் காஸ் வேலை அத்தியாவசிய வேலை, எல்லோரும் நாள் முழுக்க வீட்டில் இருக்கப் பொயிலர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு தடவை காஸ் பரிசோதனைப் பத்திரம் எடுத்தே ஆக வேண்டும், இங்கே எல்லோரும் இன்னும் ‘சி.பி. 12’ என்றுதான் சொல்வார்கள். அதுதான் எனக்குச் சோறு போட்டது. முதல் வருடம் செலவு கழித்துப் பார்த்தால் பெற்றோல் நிலையச் சம்பளத்தைவிடக் குறைவு. இரண்டாம் வருடம் சரிக்குச் சரி. மூன்றாம் வருடத்தில் இருந்துதான் வித்தியாசம் தெரிந்தது, இப்போது பழைய சம்பளத்தின் இரண்டு மடங்குக்குக் கிட்ட வருகிறது, இரவு என் பிள்ளைகளோடு சாப்பிடுகிறேன். இரண்டு வருடம் தாங்கக் கையிருப்போ வீட்டில் இன்னொரு சம்பளமோ இல்லாதவர் இதில் இறங்கினால் நடுவில் நின்றுவிடுவார்.

பத்திரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு இன்னும் மனதில் நோகிற விஷயம். 2021 தை மாதம், மேனர் பார்க்கில் ஒரு வாடகை வீடு. வீட்டுக்காரர் எங்களுடைய ஆள்தான், கோயிலில் காண்கிற அண்ணை. இருந்தவர் கைக்குழந்தையோடு ஒரு இளம் தாய். முன்னறையில் பழைய காஸ் நெருப்பு ஹீற்றர், புகை புகைபோக்கிக்குள் போகிற வகை. யன்னல் கதவு எல்லாம் பூட்டி, ஐந்து நிமிடம் எரியவிட்டு, புகைக்குச்சியைக் கொளுத்தி மேல்விளிம்போடு பிடித்தேன். புகை உள்ளே இழுபட வேண்டும். இழுபடவில்லை. ஒரு நூல் மாதிரி மெதுவாகச் சுருண்டு என் முகத்துக்கு நேரே வெளியே வந்தது. பத்து நிமிடம் விட்டுத் திரும்பச் செய்தேன், அதேதான். அந்தத் தாயிடம், தலையிடி ஏதும் வருகிறதா என்று கேட்டேன். பின்னேரத்தில் வரும், கடைக்குப் போய் வந்தால் சுகமாகிவிடும், நித்திரை காணாது போல என்று நினைத்தேன் என்றார். குழந்தை சோபாவில் கிடக்கிறது. எனக்குக் கை நடுங்கியது.

இப்படிக் கண்டால் அதை ‘உடனடி ஆபத்து’ என்று எழுதி, அனுமதி கேட்டு, காஸைத் துண்டித்து, சிவப்பு எச்சரிக்கை லேபிள் கட்ட வேண்டும். அனுமதி தராவிட்டால் அவசர இலக்கம் 0800 111 999 க்கு எடுத்தால் அவர்கள் வந்து நிறுத்துவார்கள், அவர்களுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. நான் வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் சொன்னது: “தம்பி, போன வருசம் வந்தவர் ஒண்டும் சொல்லேல்லையே, சும்மா சைன் வைச்சிட்டுப் போங்கோ, நான் பிறகு பாக்கிறன்.” நான் வைக்கவில்லை. துண்டித்துவிட்டேன், பிள்ளையையும் தாயையும் டொக்டரிடம் போகச் சொன்னேன். புகைபோக்கிக்குள் குருவிக்கூடும் உடைந்த செங்கல்லும் அடைத்திருந்தது பிறகு தெரிந்தது. அந்த அண்ணை எனக்குப் பிறகு வேலை தரவில்லை, அவர் சொல்லி இன்னும் மூன்று வீட்டுக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். முப்பது பவுண்ஸுக்குப் பத்து நிமிடத்தில் பத்திரம் எழுதிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போயிருப்பார்கள். பரிசோதனை ஒழுங்காகச் செய்ய ஒரு வீட்டுக்கு முக்கால் மணித்தியாலம் எடுக்கும். தயவுசெய்து வீடு வாடகைக்கு விடுகிற எங்கள் ஆட்கள் இதை வாசித்தால் பத்து நிமிடக்காரரைக் கூப்பிடாதீர்கள். 2022 ஒக்ரோபரில் இருந்து இங்கிலாந்தில் பொயிலரோ காஸ் நெருப்போ இருக்கிற அறையில் காபன் மொனொக்சைட் அலாரம் வைப்பதும் வீட்டுக்காரரின் கடமை. இருபது பவுண்ஸ் சாமான் அது.

எங்கள் நியூஹாமிலேயே, கனிங் டவுனில், ரோனன் பொயின்ற் என்று 22 மாடிக் கட்டடம் இருந்தது. 1968 மே 16 விடியற்காலை, பதினெட்டாம் மாடியில் ஒருவர் தேநீருக்கு அடுப்பு மூட்ட நெருப்புக்குச்சி தட்ட, கசிந்து நின்ற காஸ் வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் செத்துப் போனார்கள். ஆட்கள் குடிவந்து இரண்டு மாதம்தான். கட்டடத்தின் பலவீனம் ஒரு பக்கம், ஆனால் காஸ் கசிந்தது அடுப்புக் குழாயை இணைத்த தரம் குறைந்த ஒரு பித்தளை நட்டால். அங்கிள் இதைச் சொல்லித்தான் எனக்கு நட்டு இறுக்கப் பழக்கினார். அந்தப் பக்கம் வானில் போகிற நேரமெல்லாம் எனக்கு அந்த நட்டு ஞாபகம் வரும்.

நாளாந்த வேலை எப்படி என்று கேட்டால், பாதி நேரம் முழங்காலில். குசினி அலுமாரிக்குள் தலை, கூரைக்குள் கண்ணாடிப் பஞ்சு, மார்கழியில் காலை ஆறு மணிக்குத் தொலைபேசி. நல்ல முழங்கால் பட்டி வாங்குங்கள், அதில் காசு பார்க்காதீர்கள். வேலையின் ருசி பிழை கண்டுபிடிப்பதில்தான். போன மாதம் பார்க்கிங் (Barking) என்கிற ஊரில் ஒரு வீட்டில் பொயிலர் பற்றவில்லை, திரையில் ‘எஃப் 28’ என்று காட்டியது, பற்றவைக்க முயன்று முடியவில்லை என்று அர்த்தம். முதல் வந்தவர் காஸ் வால்வ் பழுது, 350 பவுண்ஸ் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் அடுப்பைத் திருகிப் பார்த்தேன், அதுவும் பற்றவில்லை. மீற்றர் காசு போட்டுப் பாவிக்கிற மீற்றர், மகன் காசு போட மறந்துவிட்டார். இன்னொரு வீட்டில் சூடாக்கினால் அழுத்தம் 3 பாருக்கு ஏறும், ஆறினால் பூச்சியம், ஒவ்வொரு கிழமையும் தண்ணீர் ஏற்றிக்கொண்டு இருந்தார்கள். எக்ஸ்பான்ஷன் வெசலில் காற்றுப் போய்விட்டது, சூட்டில் விரிகிற தண்ணீருக்குப் போக இடமில்லாமல் பாதுகாப்பு வால்வ் வழியாக வெளியே கொட்டுகிறது. சைக்கிள் பம்பால் காற்று அடித்துச் சரிப்படுத்தினேன். அந்த வீட்டுப் பாட்டி எனக்கு வடை சுட்டுத் தந்தார்.

“காஸ் பொயிலரையே நிறுத்தப் போகிறார்களாமே, இனிப் படித்து என்ன?” என்பது எல்லோரும் கேட்கிற அடுத்த கேள்வி. 2021 இல் அரசாங்கம் 2035 க்குப் பிறகு புதிய காஸ் பொயிலர் போடுவதை நிறுத்துகிற திட்டத்தை அறிவித்தது, 2023 இல் அதைத் தளர்த்தியது. காஸுக்குப் பதிலாக மின்சாரத்தில் ஓடி, வெளியில் இருக்கிற சூட்டை வீட்டுக்குள் கொண்டுவருகிற ஹீற் பம்புக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண்ஸ் உதவித்தொகை கொடுக்கிறார்கள். போக்கு எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த நாட்டில் காஸில் சூடாகிற வீடுகள் இரண்டு கோடிக்கு மேல், அவை ஒரு மழைக்குள் மாறிவிடாது, மின்சாரம் ஒரு அலகு காஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விலை விற்கும்வரை ஆட்கள் யோசித்துக்கொண்டுதான் இருப்பார்கள். என் வயதுக்குக் காஸ் காணும். முப்பது வயதுக்காரருக்கு காஸ் மட்டும் காணாது என்பதுதான் என் எண்ணம்.

நான் போன வருடம் ஹீற் பம்ப் கோர்ஸும் செய்தேன், அரசின் உதவியில் 500 பவுண்ஸ் கழிந்தது. அங்கே எனக்குத் தெரிந்தது, காஸ் படித்தவருக்கு அதில் முக்கால்வாசி தெரிந்த விஷயம்தான்: குழாய், பம்ப், அறையைச் சூடாக்குகிற றேடியேற்றர், அதற்குள் சேர்கிற கறுப்புச் சேறு கழுவுதல். புதிது எதுவென்றால் கணக்கு. பொயிலர் 70 பாகையில் தண்ணீர் அனுப்பும், ஒரு அறைக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று பிழையாகக் கணக்கிட்டாலும் சமாளித்துவிடும். ஹீற் பம்ப் 40, 45 பாகையில்தான் நன்றாக ஓடும், ஒவ்வொரு அறையின் சுவர், யன்னல், நிலம் எல்லாம் அளந்து றேடியேற்றர் அளவைச் சரியாக எடுக்காவிட்டால் வீடு சூடாகாது, பில் மட்டும் ஏறும். கணக்கில் ஆர்வமுள்ள பெடியன்களுக்கு இது நல்ல இடம். குளிரூட்டி வாயு வெளிப்பெட்டிக்குள்ளேயே அடைபட்டிருக்கிற வகையில் நாங்கள் தொடுவது தண்ணீர்ப் பக்கத்தை மட்டும், அதனால் பயப்படவும் தேவையில்லை.

சலூனில் கேட்ட அந்தத் தம்பிக்கு நான் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. கோர்ஸ் விற்கிற ஆள் இந்த மாதத்துக்குள் கட்டினால் 500 பவுண்ஸ் கழிவு என்று அவசரப்படுத்துகிறாராம், கட்டாதே என்று மட்டும் சொன்னேன். அங்கிள் போன பங்குனியில் வேலையை விட்டுவிட்டார், என் வானின் பக்கத்து இருக்கையில் இப்போது ஃபில்டரும் துணியும்தான் கிடக்கிறது. வருகிற சனிக்கிழமை ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பொயிலர் மாற்ற வேண்டும், பழையதைக் கழற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும். வெயார்ஹவுஸ் வேலை காலை ஆறுக்கு முடியுமாம். ஏழு மணிக்கு வந்து நில், சாமான் தூக்கு, மீற்றர் டெஸ்டை நான் செய்யும்போது பக்கத்தில் படுத்திருந்து பார், பின்னேரம் உனக்கு இது வேண்டுமா என்று நீயே சொல்லு என்றேன். நேற்றிரவு செய்தி அனுப்பியிருந்தார், முழங்கால் பட்டி எந்த அளவில் வாங்குவது என்று.